க்னாஸ் ஃபெல்லோஷிப்: கடல் படித்தவர்களுக்கு வாஷிங்டனில் ஓராண்டு

ஃபெல்லோஷிப் என்றதும் ஆய்வுக்கான உதவித்தொகை என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்காவின் க்னாஸ் கடல்சார் கொள்கை ஃபெல்லோஷிப் அந்த வகை அல்ல. இதில் சேர்பவர் ஓராண்டு முழுக்க ஆய்வுக்கூடத்தின் பக்கமே போகவேண்டியதில்லை. வாஷிங்டன் வட்டாரத்தில் ஓர் அரசு அலுவலகத்திலோ நாடாளுமன்ற அலுவலகத்திலோ உட்கார்ந்து, கடல் பற்றிய முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை உள்ளிருந்தே பார்க்கலாம், கூடவே வேலையும் செய்யலாம்.

திட்டம் 1979-இல் தொடங்கியது. நடத்துவது நோவா எனப்படும் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தின் சீ கிராண்ட் அமைப்பு; பல்கலைக்கழகங்கள் வழியாகக் கடல், கடற்கரை ஆய்வுக்கு உதவுவது இது. 1966-இல் சட்டம் போட்டு சீ கிராண்டை உருவாக்கியபோது அதற்கு உழைத்தவர்களில் ஒருவர் கடலியல் அறிஞர் ஜான் க்னாஸ். பின்னாளில் நோவாவுக்கே தலைவரானார். அவர் பெயரைத்தான் திட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்? அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப்பகுதிகளிலோ உள்ள அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் முதுநிலை, முனைவர் அல்லது சட்டப் படிப்பில் இருப்பவர்கள். கடல் உயிரியல்தான் படித்திருக்கவேண்டும் என்பதில்லை. பொருளாதாரம், சட்டம், பொறியியல் எதுவானாலும் சரி. கடல், கடற்கரை, பெரும் ஏரிகள் ஆகியவற்றின் வளங்களிலும் அவை பற்றிய தேசியக் கொள்கையிலும் அக்கறை இருக்கவேண்டும். பெரும் ஏரிகளையும் சேர்த்திருப்பதால் மிச்சிகன், விஸ்கான்சின் போல உப்புக்கடலே இல்லாத மாநிலத்தவருக்கும் இடமுண்டு.

பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில். விண்ணப்பத்தை நேராக வாஷிங்டனுக்கு அனுப்பக்கூடாது. உங்கள் மாநிலத்துச் சீ கிராண்ட் அலுவலகத்திடம் கொடுக்கவேண்டும். அவர்கள் நேர்காணல் செய்து, பிடித்திருந்தால் தங்கள் சார்பில் பெயரை முன்மொழிவார்கள். அதன்பிறகுதான் தேசிய அளவில் தேர்வு. மாநிலத்தில் சீ கிராண்ட் இல்லையென்றால் தேசிய அலுவலகத்தைக் கேட்டால், அருகிலுள்ள ஒன்றுக்கு அனுப்பிவைப்பார்கள். பணி தொடங்குவது பிப்ரவரியில். விண்ணப்ப வேலையோ அதற்குச் சுமார் ஓராண்டு முன்பே ஆரம்பித்துவிடும். ஆகவே படிப்பை முடிக்கும் தருணத்தில் தேடத் தொடங்கினால் காலம் கடந்திருக்கும்.

கேட்கும் தாள்கள் அதிகமில்லை: தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் சான்று, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், உங்கள் படிப்பையும் எதிர்கால நோக்கத்தையும் சொல்லும் ஒரு கட்டுரை. ஒரு நல்ல விதி இருக்கிறது: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரிடமிருந்தோ நண்பர், உறவினரிடமிருந்தோ வாங்கிய சிபாரிசுக் கடிதங்களை ஏற்கமாட்டார்கள். எனவே உழைப்பைக் கட்டுரையில் போடுங்கள். ஆய்வேட்டின் சுருக்கத்தை அதில் ஒட்டிவைப்பது வீண். மீன்வளத்தை அளப்பவராக இருந்தால், அந்த எண் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற வரம்பாக மாறும் இடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று எழுதுங்கள்.

இறுதிப்பட்டியலில் வந்தவர்கள் இரு பிரிவாகிறார்கள். சிலர் காங்கிரஸ் பக்கம், அதாவது உறுப்பினர் அலுவலகத்துக்கோ குழு அலுவலகத்துக்கோ போவார்கள். பெரும்பாலோர் நிர்வாகப் பிரிவுக்கு: நோவா, கடற்படை, உள்துறையின் (அங்கே இது அரசு நிலங்களையும் இயற்கை வளங்களையும் கவனிக்கும் துறை) கீழுள்ள அமைப்புகள், தேசிய அறிவியல் அறக்கட்டளை போன்றவை. நிர்வாகப் பிரிவினருக்கு இலையுதிர் காலத்தில் இட ஒதுக்கீட்டு வாரம் என்று ஒன்று உண்டு. சில நாட்களுக்குள் அலுவலகம் அலுவலகமாக நேர்காணல் கொடுத்து ஓய்ந்துபோவார்கள். அலுவலகம் உங்களைப் பார்ப்பதுபோல நீங்களும் அலுவலகத்தை எடைபோடலாம்.

வேலை என்னவென்றால், காங்கிரஸ் பக்கம் மசோதாவைப் படித்து உறுப்பினருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது, விசாரணைக் கூட்டத்துக்குக் கேள்விகள் தயாரிப்பது போன்றவை. ஐந்தாண்டு ஆய்வை ஐந்து வரியில் சொல்லத் தெரியாதவர்களுக்கு முதல் சில வாரங்கள் கஷ்டம்தான். நிர்வாகப் பக்கம் வேகம் குறைவு, ஆழம் அதிகம்.

ஆண்டு முழுக்க உதவித்தொகை உண்டு. ஆனால் ஃபெல்லோ அரசு ஊழியர் அல்ல. முடிந்தபின் வேலை நிச்சயம் என்ற உறுதியும் கிடையாது. திட்டத்துக்கான பணத்தையும் காங்கிரஸ்தான் ஆண்டுதோறும் ஒதுக்குகிறது. அதனால் இடங்களின் எண்ணிக்கை மாறும்; பழைய ஆண்டின் விவரத்தை நம்பாமல் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பியுங்கள்.