பாதிக் கூட்டை அறுக்காதீர்கள்

வயல் கிணற்றின் மேல் சாய்ந்த கருவேலத்திலோ பனை ஓலையிலோ தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். அவற்றில் சில அடிப்பக்கம் திறந்து, ஹெல்மெட்டைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். "இது பாதியில விட்ட கூடு, இனி குருவி வராது" என்று அறுத்துப்போய் வீட்டில் அழகுக்கு மாட்டுகிறார்கள். பறவைகள் எப்படி இணை தேடுகின்றன என்று பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு முறை இதைக் கேட்கும்போதும் மனசு கனத்துப் போகிறது. அது விட்ட கூடு இல்லை. ஆண் குருவி அங்கேதான் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நடப்பது இதுதான். மழை விழுந்து புல்லும் நெல்லும் பச்சை கட்டியதும் ஆண் நார் கிழிக்கத் தொடங்கும். சுமார் எட்டு நாளில் கூடு ஹெல்மெட் அளவுக்கு வந்துவிடும். குறுக்கே பட்டி போல ஒரு நார்ப்பாலம். அதைப் பிடித்துத் தொங்கி, இறக்கையை அடித்துக் கத்தும். பெண் வந்து உள்ளே ஏறிப் பார்க்கும், அலகால் இழுத்தும் பார்க்கும். பிடித்திருந்தால்தான் ஆண் முட்டை அறையை மூடி, நீண்ட நுழைவாயிலைப் பின்னும். பிடிக்கவில்லையென்றால் கூடு அப்படியே நிற்கும், இன்னொரு பெண் வரும்வரை. முழுக் கூட்டுக்கு ஏறக்குறைய 18 நாள் ஆகும். நார் எடுத்துவர 500 தடவை வரை பறக்கும் என்கிறார்கள்.

பெண் முட்டையில் உட்கார்ந்ததும் அதே ஆண் பக்கத்துக் கிளையில் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். ஒரே பருவத்தில் ஓர் ஆணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துணைகள். மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில், வேலையில்லாமல் இருந்த 1930-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பறவையியலாளர் சாலிம் அலி நாள் தவறாமல் உட்கார்ந்து கவனித்துத்தான் இதைத் தெளிவாக எழுதினார். அவரிடம் இருந்த முக்கியமான கருவி பொறுமை.

நான் களத்துக்குப் போன முதல் பருவத்தில் கூடுகளை எண்ணி, அத்தனை ஜோடி என்று நோட்டில் எழுதினேன். முழுக்கத் தப்பு. ஓர் ஆணுக்கு மூன்று கூடா, மூன்று ஆண்களா என்று காலில் நிற வளையம் இல்லாமல் சொல்லவே முடியாது. வளையம் போட அனுமதியும் பயிற்சியும் வேண்டும். வளையம் இருந்தாலும் கண்ணால் பார்ப்பது பாதிதான். பறவைகளில் பெரும்பாலானவை ஒரே துணையோடு வாழ்கின்றன என்று வெகுகாலம் நம்பினோம். 1980-களின் கடைசியில் மரபணுச் சோதனை வந்த பிறகுதான், ஜோடியாக வாழும் பல இனங்களிலும் சில குஞ்சுகளுக்கு அப்பா வேறு என்று தெரிந்தது.

சரி, பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்ன செய்யலாம்? தூரத்தில் உட்காருங்கள். ஆண் இறக்கை அடிப்பதை நிறுத்தினாலோ, நாருடன் வந்து கூட்டுக்குப் போகாமல் வேறு கிளையில் காத்திருந்தாலோ, நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். படம் தெளிவாக விழ வேண்டும் என்று ஓலையை ஒதுக்கிக் கட்டாதீர்கள். பதிவுசெய்த குரலைப் போட்டு அழைக்காதீர்கள்; இல்லாத போட்டியாளனோடு மல்லுக்கட்டி ஓர் ஆண் தன் காலைப் பொழுதை இழந்துவிடும். வாரம் ஒருமுறை அதே இடத்திலிருந்து அதே மரத்தைப் படமெடுத்து, எந்தக் கூடு எந்த நிலையில் இருக்கிறது என்று தேதியோடு குறித்துவைத்தால் அதுவே நல்ல ஆய்வுப் பதிவு.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதைச் சேர்த்திருக்கிறது. கூடு விற்கிற ஆட்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

அப்புறம், பருவம் முடிந்து காய்ந்து தொங்கும் கூட்டையாவது எடுக்கலாமா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். தரையில் விழுந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மரத்தில் இருப்பது இருக்கட்டும். வெண்தொண்டைச் சில்லைகள் அதற்குள் குடியேறி முட்டையிடும்.