இஸ்ட்ரெப்டோகோக்கஸ்: கோளமா, மணியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளையின் காலில் சீழ் வைத்தால் சிரங்கு என்பார்கள். விழுங்க முடியாமல் அழுதால் தொண்டைப்புண். இரண்டும் இஸ்ட்ரெப்டோகோக்கஸ் என்ற ஒரே கிருமியின் வேலையாக இருக்கலாம். 'தொண்டைக் கிருமி' என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டால் காலைப் பார்க்க மறந்துவிடுவோம்.

அந்தப் பெயரை 1874இல் இட்டவர் வியன்னா அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத். கிரேக்கத்தில் 'ஸ்ட்ரெப்டோஸ்' என்றால் முறுக்கியது. 'கோக்கோஸ்' என்றால் விதை, மணி. நுண்ணோக்கியில் கிருமிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சரமாக நிற்கும். தமிழில் பாடநூல்கள் 'கோள வடிவ பாக்டீரியா' என்கின்றன. தவறில்லை, ஆனால் விதை காணாமல் போகிறது. நெல்மணி, பாசிமணி இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கும் மொழி நமது. ஆகவே 'மணிச்சர நுண்ணுயிரி' என்பதே என் தேர்வு. மருந்துச் சீட்டில் பழைய பெயரே இருக்கட்டும்.

1884இல் ஜெர்மன் மருத்துவர் ரோசன்பாக் சேர்த்த 'பியோஜெனிஸ்' என்ற பின்பெயருக்குச் சீழ் உண்டாக்குவது என்று பொருள். 1933இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு இந்த மணிச்சரங்களை வகுத்த பிரிவுகளில் இது 'ஏ'. பொதுவாகக் கிருமி இல்லாத இரத்தத்திலோ தசையிலோ அது புகுந்துவிட்டால் அதற்கு 'ஊடுருவும் தொற்று' என்று பெயர். நாளிதழ்கள் விரும்பும் 'சதை தின்னும் கிருமி' வெறும் பரபரப்பு: அது தின்பதில்லை, அதன் நச்சு திசுவை அழுகச் செய்கிறது. 'திசு அழுகல் தொற்று' என்றால் போதும்.

குழந்தைகளுக்குச் சின்னம்மைக் கொப்புளம் இதற்குத் திறந்த வாசல். அம்மை இறங்கும் வேளையில் காய்ச்சல் மீண்டும் ஏறினாலும், தோலில் தெரிவதைவிட வலி மிகுதியாக இருந்தாலும், பிள்ளை துவண்டு கிடந்தாலும் வேப்பிலையோடு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சிரங்கு ஆறிய சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். தொண்டைப்புண்ணுக்குச் சிகிச்சை தராமல் விட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடும். பென்சிலினுக்கு இந்தக் கிருமி இன்னும் அடங்குகிறது. ஆனால் தொண்டைப்புண்ணுக்கு வழக்கமாகத் தரும் 10 நாள் மாத்திரையை, மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள்.