ஓடிக்கொண்டிருக்கும் வால்யூமை நகலெடுப்பது எப்படி?

"எல்லாத்தையும் புது ஸ்டோரேஜுக்கு மாத்தணும், அவ்வளவுதானே? காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார் மேனேஜர். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. மாற்ற வேண்டிய வால்யூம் 10 டெரா பைட். நடுவில் இருந்ததோ 1 கிகாபிட் நெட்வொர்க்.

கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். 1 கிகாபிட் என்றால் நொடிக்கு 125 மெகா பைட். வழிச்செலவு போகக் கைக்குக் கிடைப்பது சுமார் 110. அந்த வேகத்தில் 10 டெரா பைட் போய்ச் சேர ஏறக்குறைய 91,000 நொடி ஆகும். அதாவது 25 மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே.

அதுகூடப் பரவாயில்லை, ஓட விட்டுவிட்டுச் சனிக்கிழமை ராத்திரி வந்து பார்க்கலாம். ஆனால் அந்த 25 மணி நேரமும் வால்யூம் சும்மா இருக்காது. யாராவது எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

வால்யூம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்பது பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் பெரிய டிஸ்க் பெட்டி. உள்ளே இருக்கும் டஜன்கணக்கான டிஸ்க்குகளை ஒரே குளமாகச் சேர்த்து, அப்புறம் தேவைக்கேற்பப் பிரித்துக் கொடுப்பார்கள். பெரிய வீட்டைத் தடுத்துப் போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விடுவதுபோல. அந்தப் போர்ஷன்தான் வால்யூம். குடியிருப்பவருக்குத் தன் கதவு தெரியும். எந்தச் சுவர் யாருடையது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சரி, ஆள் குடியிருக்கும்போதே நகல் எடுத்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். முருகன் கணக்கு முதல் பக்கத்தில், செல்வி கணக்கு ஐநூறாவது பக்கத்தில். இரவு 10 மணிக்கு நகல் தொடங்குகிறது. 10.05-க்கு முருகன் பக்கம் முடிந்தது. இருப்பு 20,000 ரூபாய். 10.30-க்கு அவர் செல்விக்கு 5,000 அனுப்புகிறார். 11 மணிக்குச் செல்வி பக்கம் நகலாகும்போது அந்தப் பணமும் அதில் ஏறியிருக்கிறது. மூலத்தில் எல்லாம் ஒழுங்கு. நகலிலோ முருகனிடம் 20,000 அப்படியே இருக்க, செல்வியிடமும் 5,000 கூடியிருக்கிறது. எங்கிருந்தோ புதிதாக 5,000 ரூபாய் பிறந்துவிட்டது. அந்த நகலில் இருக்கும் புத்தகம் எந்த நொடியிலும் நிஜத்தில் இருந்ததே இல்லை. காப்பி புரோகிராம் ஒரு எழுத்துக்கூடப் பிழையாக எடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

எல்லோரையும் வெளியேற்றிவிட்டு நகல் எடுக்கலாம். முன்பு அப்படித்தான் செய்தார்கள். 25 மணி நேரம் வேலையை நிறுத்த இப்போது யார் ஒப்புக்கொள்வார்கள்?

இதற்கு ஒரு நல்ல வழியை 1980-களிலேயே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐபிஎம்முடன் சேர்ந்து அவர்கள் கட்டிய ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டத்தில் ஒவ்வொரு பயனருக்கும் பொதுவாக ஒரு குட்டி வால்யூம். (கார்னகி, மெலன் இருவருக்குமே முதற்பெயர் ஆண்ட்ரூ, பெயர் வைப்பதில் சிரமமே இருந்திருக்காது.) ஒரு சர்வர் நிறைந்துபோனால் சில வால்யூம்களைத் தூக்கி வேறு சர்வரில் வைக்க வேண்டும், அதுவும் மாணவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே. 1988-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் முறை இப்படி இருக்கிறது: முதலில் வால்யூமை அந்த நொடியில் உறையவைத்ததுபோல ஒரு க்ளோன் எடுத்து, அந்த க்ளோனைப் புது இடத்துக்கு அனுப்பு. போய்ச் சேர்வதற்குள் மூலத்தில் சில ஃபைல்கள் மாறியிருக்கும். மறுபடி ஒரு க்ளோன். இந்த முறை மாறியவை மட்டும் போனால் போதும். கடைசியாக எழுதுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, மிச்சத்தை அனுப்பி, முகவரியை மாற்றிவிடு.

எங்கள் 10 டெரா பைட்டுக்கும் அதே வழிதான். முதல் சுற்று 25 மணி நேரம். அந்த நேரத்தில் மாறியது 200 ஜிபி என்றால் இரண்டாம் சுற்று அரை மணி நேரம். அந்த அரை மணியில் மாறுவது சில ஜிபி. அது ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சிறியது. கடைசிச் சுற்றுக்கு மட்டும் கதவைச் சாத்தினால் போதும். டீ குடித்துவிட்டு வருபவர்களுக்கு வால்யூம் இடம் மாறியதே தெரியாது.

இந்த வித்தை முழுவதும் ஒரு விஷயத்தை நம்பி இருக்கிறது: 'அந்த நொடியில் உறையவைத்த' க்ளோன். 10 டெரா பைட்டை ஒரு நொடியில் உறையவைக்க முடியுமா?

முடியும், எழுதும் பழக்கத்தை மாற்றினால். பழைய கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதியதைச் சுரண்டி அழிக்கமாட்டார். புது வரியில்தான் எழுதுவார். 1992-இல் தொடங்கிய நெட்ஆப் நிறுவனத்தின் ஹிட்ஸ், லாவ், மால்கம் மூவரும் 1994-இல் ஒரு கட்டுரையில் விவரித்த வாஃபிள் என்ற ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை இதுதான். 'எங்கு வேண்டுமானாலும் எழுது' என்பதுதான் அந்தப் பெயரின் சாரம். வால்யூம் முழுவதும் 4 கிலோ பைட் பிளாக்குகள். அவை ஒரு மரம்போலக் கோக்கப்பட்டிருக்கும்: உச்சியில் ஒரு வேர், அது கீழே உள்ள பிளாக்குகளைச் சுட்டும், அவை இன்னும் கீழே உள்ளவற்றைச் சுட்டும், அடியில் நம் ஃபைல்கள். (மரத்தைத் தலைகீழாக வரைவது கம்ப்யூட்டர்காரர்களின் பழக்கம்.) 5821-ஆம் பிளாக்கில் இருக்கும் வரியை நீங்கள் திருத்தினால், 5821-ஐ அது தொடாது. திருத்தியதைக் காலியாக இருக்கும் 9034-இல் எழுதும். அதைச் சுட்டும் மேல் பிளாக்கும் புதிதாக எழுதப்படும், அதற்கு மேலே உள்ளதும், அப்படியே வேர்வரை.

உறைந்த க்ளோனுக்கு இங்கே ஸ்னாப்ஷாட் என்று பெயர். அதை எடுப்பது என்றால் அந்த வேரை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதுதான். பழைய வேரைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் 5821 வரும். புது வேர் வழியாகப் போனால் 9034 வரும். மற்ற பிளாக்குகள் இரண்டுக்கும் பொது. அதனால் ஸ்னாப்ஷாட்டுக்கு எடுக்கும்போது இடமே கிட்டத்தட்டத் தேவையில்லை. பிறகு மூலம் மாற மாறத்தான் அது இடத்தைத் தின்னும்.

இங்கே ஒரு பழைய வழக்கு. ஓர் அலுவலகத்தில் வால்யூம் நிறைந்துவிட்டது என்று ஒருவர் 300 ஜிபி பழைய வீடியோக்களை அழித்தார். காலி இடம் ஒரு ஜிபிகூடக் கூடவில்லை. இன்னும் கொஞ்சம் அழித்தார். ம்ஹூம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று எனக்கு போன். கெடவில்லை, அவர் அழித்த அத்தனையையும் முந்தைய வாரத்து ஸ்னாப்ஷாட்டுகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கிய பிறகுதான் இடம் வந்தது. மனிதருக்கு என் விளக்கத்தில் கடைசிவரை திருப்தி இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இரண்டாம் சுற்றில் மாறியதை மட்டும் அனுப்ப வேண்டும் என்றோமே, எது மாறியது என்று எப்படித் தெரியும்? ஃபைல் ஃபைலாகப் பார்க்கும் ஆர்சிங்க் போன்ற கருவிகள், வழக்கமாக ஒவ்வொரு ஃபைலின் தேதியையும் அளவையும் இரண்டு பக்கமும் ஒப்பிடும். அருமையான கருவிதான், நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு வால்யூமில் சில கோடி குட்டி ஃபைல்கள் இருந்தால், பட்டியல் எடுப்பதற்கே மணிக்கணக்கு ஆகும். ஒரு ஃபைலும் மாறாவிட்டாலும் ஆகும்.

வாஃபிளில் வேறு வழி. ஒவ்வொரு 4 கிலோ பைட் பிளாக்குக்கும் 32 பிட் கொண்ட ஒரு குறிப்பை அது வைத்திருந்தது. ஒரு பிட் 'இப்போதைய வால்யூமில் இது இருக்கிறதா' என்று சொல்லும். இன்னும் சில பிட்கள் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒன்று. 1994 வடிவமைப்பில் 20 ஸ்னாப்ஷாட்வரை வைத்துக்கொள்ளலாம். இப்போது திங்கட்கிழமை ஸ்னாப்ஷாட்டின் பிட்டையும் செவ்வாய்க்கிழமையின் பிட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திங்களில் 0, செவ்வாயில் 1 என்றால் அது புது பிளாக், அனுப்ப வேண்டும். திங்களில் 1, செவ்வாயில் 0 என்றால் விடுபட்ட பிளாக். அந்தப் பக்கமும் விட்டுவிடலாம். இரண்டிலும் 0 என்றால் நமக்கு வேலை இல்லை. இரண்டிலும் 1 என்றால்? அது மாறவே இல்லை என்று சத்தியம் செய்யலாம். ஸ்னாப்ஷாட் பிடித்திருக்கும் பிளாக்கின்மேல் யாரும் எழுத முடியாதே.

ஆக, ஒரு ஃபைலையும் திறக்காமலே எது மாறியது என்று தெரிந்துவிடும். 4 கிலோ பைட்டுக்கு 4 பைட் (32 பிட்) குறிப்பு என்ற அந்தக் கணக்கிலேயே, 10 டெரா பைட்டுக்குப் படிக்க வேண்டியது சுமார் 10 ஜிபி. 2002-இல் ஃபாஸ்ட் என்ற ஸ்டோரேஜ் மாநாட்டில் விவரிக்கப்பட்ட, நெட்ஆப்பின் ஸ்னாப்மிரர் இப்படித்தான் தூரத்து ஊரில் ஒரு நகலை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் வித்தியாசத்தை மட்டும் அனுப்பியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் ஓப்பன் சோர்ஸாகத் திறந்துவிட்ட இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் அதே காரியத்தை இன்னொரு விதமாகச் செய்கிறது: கீழே உள்ள பிளாக்கைக் காட்டும் ஒவ்வொரு சுட்டியிலும் அந்த பிளாக் எப்போது பிறந்தது என்ற குறிப்பு இருக்கும். முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்கு முன்பே பிறந்த கிளை என்றால் அதற்குக் கீழே இறங்கவே வேண்டாம், கிளையோடு தள்ளிவிடலாம்.

ஸ்னாப்ஷாட் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைப் பொறுத்தவரை ஸ்னாப்ஷாட் என்பது அந்த நொடியில் கரண்ட் போனதற்குச் சமம். மெமரியில் மட்டும் இருந்தது நகலில் இருக்காது. நல்ல டேட்டாபேஸ்கள், செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் தங்கள் லாகை வைத்து எழுந்து நின்றுவிடும். ஆனால் டேட்டா ஒரு வால்யூமிலும் லாக் இன்னொரு வால்யூமிலும் இருந்து, இரண்டுக்கும் சில நொடி இடைவெளியில் ஸ்னாப்ஷாட் எடுத்தால், முருகன் செல்வி கதைதான் மறுபடியும். இரண்டையும் ஒரே கணத்தில் சேர்த்து எடுக்க வேண்டும். இன்னொன்று, ஸ்னாப்ஷாட் இருப்பது அதே டிஸ்க்குகளில்; பெட்டி எரிந்தால் அதுவும் எரியும். வெளியூரில் வைத்த மிரர் நகல் எரியாது. ஆனால் நீங்கள் தவறிப்போய் அழித்ததை அது அடுத்த சுற்றில் விசுவாசமாக அழித்துவிடும்.

2017 ஜனவரி 31-ஆம் தேதி, புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப்பில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஏனென்றால் மீட்புப் பணியை அவர்களே யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். துணை சர்வருக்கு டேட்டாவைத் தொடர்ந்து நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் பழுதாகி, அதைச் சரிசெய்யப் போன பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் ஃபோல்டரை அழித்துவிட்டார். சட்டென்று நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். துணை சர்வரில் இருந்ததை அதற்கு முன்பே துடைத்திருந்தார்கள். வழக்கமான பேக்கப் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. காப்பாற்றியது ஒரு எல்விஎம் (லினக்ஸில் வால்யூம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ஸ்னாப்ஷாட். அதுவும் பேக்கப்புக்காக எடுத்ததல்ல. வேறு ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து ஸ்டேஜிங் எனப்படும் சோதனை சர்வரில் வைத்தது. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான். மற்றதைத் திரும்ப முதன்மை சர்வருக்கு நகலெடுத்தார்கள். 1 கிகாபிட்டில் 300 ஜிபி என்பது முக்கால் மணி நேர வேலை. ஆனால் ஸ்டேஜிங்கின் டிஸ்க்குகள் மெதுவானவை. தளம் திரும்ப எழ ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது.