எலி சாகவில்லை, அதனால்?

போன மாதம் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். 'நானோ வெள்ளி நீர்' (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்கள் கலந்த நீர்) என்று லேபிள் ஒட்டிய பாட்டிலை மேசைமேல் வைத்தார். நோய் எதிர்ப்புச் சக்திக்காக ஐந்து வருடமாகக் குடிக்கிறாராம். நகங்களின் அடி நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தது, ஈறும் அப்படித்தான். நான் வாய் திறக்கும் முன்பே, "எலிக்குக் கொடுத்துப் பார்த்துட்டாங்க சார், ஒண்ணுகூடச் சாகலையாம்" என்று கைபேசியை நீட்டினார்.

எலிகளுக்கு நானோ துகள்களைக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால்தான் இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

எலி சாகவில்லை என்றால் எலி சாகவில்லை, அவ்வளவுதான். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 60 நானோமீட்டர் வெள்ளித் துகள்களை எலிகளுக்கு 28 நாள் வாய்வழியாகக் கொடுத்தார்கள். அவற்றின் எடை பெரிதாக மாறவில்லை. விற்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். கிலோ எடைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போனபோது கல்லீரல் லேசாகப் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி தெரிந்ததும், பெண் எலிகளின் சிறுநீரகத்தில் ஆண் எலிகளைப்போல் இரு மடங்கு வெள்ளி சேர்ந்திருந்ததும் அதே ஆய்வில்தான் இருக்கின்றன. தின்று, ஓடி, எடை குறையாமல் இருந்த எலிகள்தான் அவையும்! அறுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. உங்களை யார் அறுத்துப் பார்ப்பது?

நடத்தை விஷயம் இன்னும் சிக்கல். தலை வலிக்கிறது, மறதியாக இருக்கிறது என்று எலி சொல்லாது. வழக்கமான 28 நாள் சோதனையில் சத்தத்துக்குத் திரும்புகிறதா, பிடிமானம் இருக்கிறதா, எவ்வளவு நடமாடுகிறது என்று நான்காவது வாரத்தில் பார்ப்போம். பதற்றத்தையும் ஞாபகத்தையும் பார்க்க வேண்டுமானால் தனியாகச் சோதிக்க வேண்டும்: திறந்த பெட்டியின் நடுவில் விட்டால் சுவரோரமாகவே ஒண்டுகிறதா, தண்ணீர்த் தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடையை மறுநாள் தேடிப் பிடிக்கிறதா என்று. அப்படிப் பார்க்காத ஆய்வில் 'மூளைக்குப் பாதிப்பில்லை' என்ற முடிவு எங்கிருந்து வரும்?

எதிர்த் திசையில் துள்ளுபவர்களும் உண்டு. 'நானோ துகள் கொடுத்த எலிகளுக்குப் பதற்றம்' என்று செய்தி வந்தால் போதும், எனக்கு இருபது பேர் அனுப்பிவிடுவார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு மருந்து கொடுப்பதே எலிக்குப் பதற்றம்தான். சுண்டெலிக் கூண்டருகே ஆண் ஆய்வாளர் ஒருவர் நின்றால் அந்த வாடைக்கே அதன் உடலில் மன அழுத்தம் கூடுகிறது என்று 2014இல் காட்டினார்கள். (எங்கள் ஆய்வுக்கூடத்தில் யார், எந்த நேரத்தில் எலியைத் தொட்டார் என்று எழுதிவைக்கிறோம்.) அப்புறம், எலி தன் புழுக்கையைத் தானே தின்னும். வெளியே போன துகளில் கொஞ்சம் திரும்ப உள்ளே போகும். துகள் கலக்காத வெறும் கரைசலை அதே குழாயில் வாங்கிய எலிகளோடு ஒப்பிடாத முடிவை நான் படிப்பதோடு சரி, நம்புவதில்லை.

எல்லா நானோ துகளும் ஒன்றல்ல. துத்தநாக ஆக்சைடு வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். உணவுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு கரையாது, பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். அதை உணவில் சேர்ப்பது பாதுகாப்பானது என்று இனிக் கருத முடியாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் சொன்னது, 2022இல் அங்கே தடை வந்தது. மரபணுவுக்குச் சேதம் வராது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே காரணம். சேதம் நிரூபிக்கப்பட்டது என்று ஆணையம் சொல்லவில்லை.

சரி, பாட்டிலுக்கு வருவோம். லேபிளில் 30 பிபிஎம் என்றிருந்தது. அதாவது லிட்டருக்கு 30 மில்லிகிராம் வெள்ளி. ஆயுள் முழுக்கத் தினமும் உள்ளே போனாலும் தோல் நிறம் மாறாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவு கிலோ எடைக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 0.3 மில்லிகிராம், அந்த நீரில் வெறும் 10 மில்லி. இவர் காலையும் மாலையும் நூற்றைம்பது மில்லி வீதம் குடித்திருக்கிறார். அந்த அளவைப்போல் முப்பது மடங்கு.

தயவுசெய்து குடிக்காதீர்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஒரு சொட்டுகூட வேண்டாம். தைராய்டு மாத்திரையோ சில ஆண்டிபயாட்டிக்குகளோ எடுப்பவர்கள் இதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அந்த மருந்துகள் உடலில் சேர்வதை வெள்ளி குறைக்கும். ஆய்வைக் காட்டி விற்றால் எத்தனை நாள், எவ்வளவு டோஸ், எந்த உறுப்பைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராது.

"நிறுத்தினா நிறம் போயிடுமா சார்?" என்று கேட்டார். தானாகப் போகாது என்றேன். உலோகத்தை வெளியேற்றும் மருந்துகளும் இதற்கு உதவுவதில்லை. மீதியைக் கொட்டவா என்றார். கொட்ட வேண்டாம், அந்தப் பாட்டிலோடு நாளைக்கே தோல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பினேன்.