வாசலில் கேட்டால் மட்டும் போதாது: ஏபிஐ பாதுகாப்பு இயங்கும் விதம்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, வெறும் வயிற்றோடு அம்மாவும் நானும் மயிலாப்பூரில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்குச் சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மாலையில் அந்தக் கூடத்தின் செயலியில் அறிக்கைகள் வந்தன. அம்மாவின் அறிக்கை எண், என்னுடையதற்கு அடுத்த எண்ணாக இருந்தது. மென்பொருள்களைச் சோதிப்பதே என் தொழில் என்பதால் அந்த அடுத்தடுத்த எண்கள் மனத்தை உறுத்தின. அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, என் கைபேசி எண்ணால் நுழைந்த கணக்கிலிருந்தே, செயலி சர்வருக்கு, அதாவது தகவல்களை வைத்திருந்து பதில் தரும் கூடத்தின் கணினிக்கு, அனுப்பும் கோரிக்கையில் என் அறிக்கை எண்ணை எடுத்துவிட்டு அம்மாவின் எண்ணை இட்டு அனுப்பினேன். சர்க்கரை அளவு, கொழுப்பு அளவு, வயது, வீட்டு முகவரி என அறிக்கை முழுவதும் வந்துவிட்டது. அவருடைய கடவுச்சொல்லோ ஓடிபியோ எனக்குத் தேவைப்படவில்லை. அன்று வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் அமர்ந்திருந்தவர்களின் அறிக்கைகளும் இப்படியே திறக்கும் என்பதை அறிய, அவற்றைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் இல்லை.

செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்குத்தான் ஏபிஐ என்று பெயர். எந்த முகவரிக்கு, எந்த வடிவில் கேட்டால், எந்த வடிவில் பதில் வரும் என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. 2025 செப்டம்பரில் அறிமுகமான சென்னை ஒன் செயலியில் மாநகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் சேர்த்து ஒரே க்யூஆர் சீட்டு எடுக்க முடிகிறது என்றால், பின்னணியில் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றையொன்று கேட்டு, பதில் பெற்று, கணக்கு முடிக்கின்றன என்று பொருள். பயணிக்குத் தெரிவது ஒரு பொத்தான். அதை அழுத்தும்போது இணையத்தில் பயணிப்பது சில வரி எழுத்துகள். அந்த எழுத்துகளைச் செயலிதான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. செயலி என்ன அனுப்புகிறது என்பதைத் தன் சொந்தக் கைபேசியில் எவரும் இலவசக் கருவிகளைக் கொண்டு பார்க்கலாம், திருத்தலாம், மீண்டும் அனுப்பலாம். ஆகவே, திரையில் ஒரு பொத்தானை மறைத்துவிட்டால் அந்த வேலையை யாரும் செய்ய முடியாது என்று நம்புவது, வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று நம்புவதைப் போன்றது. சரிபார்க்க வேண்டியதை எல்லாம் சர்வர்தான் சரிபார்க்க வேண்டும்.

கோரிக்கை ஒன்று வந்ததும் சர்வர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்பவர் யார் என்பது முதல் கேள்வி. அவர் கேட்கும் இந்தப் பொருளை அவருக்குத் தரலாமா என்பது இரண்டாவது. வேளச்சேரியிலோ பெரும்பாக்கத்திலோ உள்ள ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பை எண்ணிப் பாருங்கள். வாசலில் உள்ள காவலர் உங்களை இன்னார் என்று அறிந்து உள்ளே விடுகிறார். அது முதல் கேள்விக்கான விடை. அதற்காக, உள்ளே வந்த எல்லோருக்கும் எல்லா வீடுகளின் பூட்டும் திறந்துவிடக் கூடாது. பரிசோதனைக் கூடத்தின் சர்வர் என்னை வாசலில் சரியாகவே அடையாளம் கண்டது. அதன் பிறகு நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறேன் என்பதை அது பார்க்கவே இல்லை.

இணையப் பாதுகாப்புக்காக உலகெங்கும் தன்னார்வலர்களைக் கொண்டு இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு, ஏபிஐகளில் காணப்படும் 10 முதன்மையான ஆபத்துகளின் பட்டியலை 2019இல் வெளியிட்டது. 2023இல் அதைத் திருத்தி வெளியிட்டது. இரண்டு பட்டியல்களிலும் முதலிடம் இந்தப் பிழைக்குத்தான். நிரலில் இது எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 'இந்த எண்ணுள்ள அறிக்கையை எடு' என்று தரவுத்தளத்தைக் கேட்பதற்கும், 'இந்த எண்ணுள்ளதும் இவருக்கு உரியதுமான அறிக்கையை எடு' என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனை இல்லாவிட்டாலும் செயலி குறையில்லாமல் இயங்கும்; உரியவர் கேட்டால் உரிய அறிக்கை வரும்; எந்தச் சோதனையும் தோற்காது. அடுத்தவர் கேட்டால் என்ன ஆகும் என்று யாராவது ஒருவர் சோதித்தால் ஒழிய அது வெளியே தெரிவதில்லை.

இந்தப் பிழைக்கு நம் வீடுகளின் பழக்கமும் ஒரு காரணமாக அமைந்துவிடுகிறது. வீட்டில் உள்ள ஐந்து பேருக்கும் ஒரே கைபேசி எண்ணைக் கொடுப்பவர்கள் நாம். அப்பாவின் அறிக்கையை வெளியூரில் இருக்கும் மகள் பார்த்தாக வேண்டும். மருத்துவரும் பார்க்க வேண்டும். கூடத்துக்குத் தகவல் தெரிவித்தபோது அவர்களுடைய மென்பொருள் பொறுப்பாளர் சொன்ன விளக்கம் இதுதான்: தொடக்கத்தில் சரிபார்ப்பு இருந்தது, குடும்பத்தாரின் அறிக்கைகள் திறக்கவில்லை என்று புகார்கள் வந்தன, அதனால் அதை எடுத்துவிட்டார்கள். தேவை உண்மையானது, கண்ட தீர்வுதான் தவறானது. அம்மா ஒரு முறை தன் ஓடிபியைக் கொண்டு 'என் மகன் பார்க்கலாம்' என்று பதிவு செய்தால், அந்த அனுமதியை ஒரு வரியாகச் சேமித்துவைத்து, ஒவ்வொரு கோரிக்கையின்போதும் சர்வர் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா விரும்பும்போது திரும்பப் பெறவும் செய்யலாம்.

எண்களை யூகிக்க முடியாதபடி அமைத்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. வரிசை எண்ணுக்குப் பதிலாக 122 பிட்டுகள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) தற்செயலாக அமைந்த அடையாள எண்ணைப் பயன்படுத்தினால், 5ஐ அடுத்து 36 சுழியங்கள் இட்ட அளவுக்கு எண்கள் கிடைக்கும்; ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது நடவாத காரியம். அப்படி அமைப்பது நல்லதே. ஆனால் அந்த எண் குறுஞ்செய்தியில் போகும், வாட்ஸ்அப்பில் பகிரப்படும், உலாவியின் வரலாற்றில் தங்கும். எண்ணை அறிந்துகொண்டதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்பதால், இரண்டாவது கேள்வியைக் கேட்கும் கடமை சர்வருக்கு அப்படியே இருக்கிறது.

முதல் கேள்விக்கான விடையை, அதாவது கேட்பவர் யார் என்பதை, ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டு அறிவது நடைமுறைக்கு ஒவ்வாது. அதனால் ஒரு முறை நுழைந்ததும் சர்வர் ஒரு டோக்கனை, அதாவது மின்னணு அடையாளச் சீட்டை, தருகிறது. செயலி அதை ஒவ்வொரு கோரிக்கையோடும் காட்டுகிறது. 2015இல் தரப்படுத்தப்பட்ட ஜேடபிள்யூடி வகை டோக்கன் இன்று பரவலாகப் புழங்குகிறது. அதன் வழக்கமான வடிவத்தில் மூன்று பகுதிகள் இருக்கும். கடைசிப் பகுதி கையொப்பம். நடுப்பகுதியில் உள்ள விவரங்களை எவரும் படிக்கலாம். ஆனால் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாமல் போகும். அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் சான்றொப்பமிட்ட நகலைப் போன்றது அது, உறையில் இட்டு ஒட்டிய கடிதம் போன்றதன்று. இதை மறந்து டோக்கனுக்குள் இரகசியங்களை எழுதிவைக்கும் நிரலர்களைப் பார்த்திருக்கிறேன். டோக்கனுக்குக் குறுகிய ஆயுள் தர வேண்டும். வழியில் யாரும் திருடாதபடி கோரிக்கை முழுவதும், இடையில் உள்ளவர்கள் படிக்க முடியாதபடி மறைக்கும் டிஎல்எஸ் குறியாக்கத்தில் செல்ல வேண்டும். கையொப்பமிடும் சாவி சர்வரை விட்டு வெளியே வரக் கூடாது.

சரியான ஆளாகவே இருந்தாலும் எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். நான்கு இலக்க ஓடிபியில் இருக்கக்கூடிய எண்கள் 10,000. நொடிக்கு 100 கோரிக்கைகள் அனுப்பும் ஒரு சாதாரண நிரல் அவை அனைத்தையும் 100 நொடிகளில் முயன்று முடித்துவிடும். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் எண்கள்; அதே வேகத்தில் பத்து நிமிடங்களில் 60,000 முயற்சிகள், அதாவது நூற்றுக்கு ஆறு என்ற அளவில் வெற்றி வாய்ப்பு. ஐந்தாவது தவறான முயற்சியோடு அந்த ஓடிபியையே செல்லாததாக்கினால் இந்தக் கணக்கு முழுவதும் பொருளற்றதாகிவிடுகிறது.

இந்த வரம்பை எதன் மீது வைக்கிறோம் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அதை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் நம் சென்னையைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லட்சுமண் முத்தையா. இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மீட்பதற்கு வரும் ஆறு இலக்க எண் பத்து நிமிடங்களுக்குச் செல்லும். ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்) பல முறை முயன்றால் சர்வர் தடுத்தது. ஆனால் ஆயிரம் முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளை அனுப்பி, 2 லட்சம் எண்களைத் தடையின்றி முயன்று பார்க்க முடியும் என்று அவர் நிரூபித்தார். 2019 ஜூலையில் ஃபேஸ்புக் நிறுவனம் அவருக்கு 30,000 டாலர் பரிசளித்துப் பிழையைச் சரிசெய்தது. வரம்பு என்பது முயல்பவரின் முகவரியோடு, தாக்கப்படும் கணக்கின் மீதும் இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கேட்டதற்கு மேல் கொடுப்பதும் ஒரு குறையே. செயலியின் திரையில் பெயர் மட்டும் தெரியும்; ஆனால் சர்வர் அனுப்பிய பதிலில் பிறந்த நாள், கைபேசி எண், முகவரி எல்லாம் இருக்கும். தரவுத்தளத்தின் ஒரு வரிசையை அப்படியே எடுத்து அனுப்பிவிட்டு, வேண்டியதைத் திரை காட்டிக்கொள்ளட்டும் என்று விடும் சோம்பலின் விளைவு இது. வருவதிலும் அதே கவனம் தேவை. பெயரை மாற்றும் படிவத்தோடு 'நிர்வாகி: ஆம்' என்று ஒருவர் கூடுதலாக ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினால், அதையும் வாங்கிச் சேமித்துக்கொள்ளும் சர்வர்கள் உண்டு.

கூடத்தார் இரண்டு வாரங்களில் பிழையைச் சரிசெய்துவிட்டதாகத் தெரிவித்தார்கள். புதிய செயலியில் நான் அம்மாவின் எண்ணை இட்டபோது, அப்படி ஓர் அறிக்கையே இல்லை என்ற பதில் வந்தது. அறிக்கை இருக்கிறது, உனக்குத் தர மாட்டேன் என்று சொல்வதைவிட இது நல்ல பதில். எந்த எண்கள் உண்மையானவை என்பதைக்கூட அது வெளியிடுவதில்லை. மகிழ்ச்சியோடு பழைய கைபேசியை எடுத்து, புதுப்பிக்காமல் இருந்த பழைய செயலியிலும் முயன்றேன். அறிக்கை திறந்தது. பழைய செயலிகளுக்காக விட்டுவைத்திருந்த ஏபிஐயின் முந்தைய பதிப்பைத் திருத்த எவருக்கும் நினைவு வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து 2022 செப்டம்பரில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருடப்பட்டதற்குப் பின்னால் இதே போன்ற மறதி இருந்ததாக அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீதிமன்றத்தில் கூறியது. அதன்படி, அணுகலைக் கட்டுப்படுத்தும் நிரலில் 2018இல் ஒரு பிழை நுழைந்தது. 2021இல் முதன்மை இணைய முகவரியில் அதைத் திருத்தினார்கள். பயன்பாட்டில் இல்லாத இன்னொரு முகவரியில் அது அப்படியே கிடந்தது. தரமணியிலிருந்து சிறுசேரி வரை எத்தனையோ அலுவலகங்களில் நாள்தோறும் புதிய ஏபிஐகள் எழுதப்படுகின்றன. அவற்றில் எவை இன்னும் இயங்குகின்றன, எவை யாருக்கும் தேவையில்லாமல் திறந்து கிடக்கின்றன என்ற முழுப் பட்டியலைக் கைவசம் வைத்திருக்கும் நிறுவனங்களை நான் அதிகம் கண்டதில்லை.

பழைய பதிப்பும் மூடப்பட்ட பிறகு, கூடத்தாரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: இத்தனை மாதங்களில் என்னைத் தவிர வேறு யாராவது அடுத்தவரின் அறிக்கையைத் திறந்திருக்கிறார்களா? இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், சர்வர் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. கூடத்தில் பதிவேடு இருந்தது. எந்த நொடியில் எந்த எண்ணுள்ள அறிக்கை கேட்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருந்தது. எந்தக் கணக்கிலிருந்து கேட்கப்பட்டது என்பதை மட்டும் அது குறித்துவைக்கவில்லை. ஆகையால், அன்று என்னோடு வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அவர்களால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.