கண்ணாடிக்குள் விரியும் வலக்கை

தைப்பூசக் காவடி முடிந்து, கோயிலில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் இருக்கும் என் தங்கையின் மகள், எட்டு வயது, இடக்கையால் சோற்றைப் பிசைந்தாள். "சோற்றுக்கையால் சாப்பிடு, கண்ணு" என்றார் பக்கத்து இலைப் பாட்டி. குழந்தை சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பெருமூளை வாதம். பிறப்பதற்கு முன்பே மூளையின் இடப்பாதி பாதிக்கப்பட்டதால் வலக்கை சொன்னபடி கேட்காது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும். மற்ற விரல்கள் அதன்மேல் மூடிக்கொள்ளும். அன்று பாட்டிக்கு விளக்க முடியாமல் போனது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி வீட்டில் கண்ணாடிச் சிகிச்சை நடக்கிறது. மேசையில், அவள் மூக்குக்கு நேராக, இரு கைகளுக்கும் நடுவே, ஒரு கண்ணாடியைத் தடுப்புச் சுவர் போல நிறுத்துகிறார்கள். பலவீனமான கை அதற்குப் பின்னால் மறைந்துவிடும். நல்ல கை முன்னால் இருக்கும். முதல் நாள் இடக்கை வளையலைக் கழற்றச் சொன்னபோது எனக்குக் காரணம் புரியவில்லை. வளையல் பிம்பத்திலும் மின்னும். வலக்கையிலோ வளையல் இல்லை. அது தன் கை அல்ல என்று மூளை கண்டுகொள்ளும். கழற்றியபின் அவள் இடக்கையை விரித்தாள். கண்ணாடிக்குள், மறைந்த கை இருக்கும் இடத்திலேயே, ஒரு வலக்கை முழுசாக விரிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். விரல்களை மூடித் திறப்பது, மணிக்கட்டைத் திருப்புவது, பஞ்சைப் பிழிவது என்று பயிற்சி தொடரும். பின்னால் இருக்கும் கையும் இயன்றவரை கூடவே முயல வேண்டும்.

இந்த உத்தியைத் தந்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு, இல்லாத அந்தக் கை இறுக மூடிக்கொண்டு வலிப்பதுபோல் இருக்கும். 1990களில் அமெரிக்காவில் அவர் அவர்களைக் கண்ணாடிமுன் உட்காரவைத்தார். மூடிய கை திறப்பதைக் கண்ணால் கண்டதும் சிலருக்கு இறுக்கம் தளர்ந்தது. பிறகு பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும் இது பயன்பட்டது. மருத்துவச் சான்றுகளை அலசும் கோக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, கை இயக்கம் மேம்படுவதாகவே சொன்னது.

கை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதை மூளைக்குத் தசைகளும் மூட்டுகளும் சொல்கின்றன, கண்ணும் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் பெரும்பாலும் கண்ணின் பேச்சே எடுபடும். பிம்பத்தைப் பார்த்தபடி ஒரு கையை அசைக்கும்போது, மறைந்த கையை இயக்கும் மூளைப் பகுதியும் விழிப்படைவதை, தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிப் பார்க்கும் சோதனைகளில் அளந்திருக்கிறார்கள். நான் இதைவிடப் பெரிதாக நினைப்பது வேறொன்று. நாள் முழுவதும் மறந்துகிடக்கும் கையின்மேல் குழந்தையின் கவனம் சற்று நேரமாவது குவிகிறது.

ஆனால் பெரியவர்களின் கணக்கு குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தாது. பக்கவாதம் வந்தவர் தெரிந்ததை இழந்தவர். இவள் அந்தக் கையால் எதையும் சரியாகக் கற்றதே இல்லை. நரம்புகளின் பாதையும் மாறியிருக்கலாம். பிறந்த சிசுவுக்கு மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரு கைகளுக்கும் இழைகள் செல்கின்றன. வளர வளர எதிர்ப்பக்கத்துக்குப் போகும் இழைகள் வலுக்கின்றன. அதே பக்கத்துக்குப் போகிறவை பெரும்பாலும் பின்வாங்குகின்றன. ஒரு பாதி முன்பே சேதமானால், நல்ல பாதி தன் பக்கத்து இழைகளை விடாமல் வைத்துக்கொண்டு இரு கைகளையும் தானே நடத்தக்கூடும். அத்தகைய குழந்தை ஒரு கையை மூடினால் மற்றதும் தானாக மூடும். ஆகவே எல்லாக் குழந்தைக்கும் கண்ணாடி ஒரே பலனைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளும் சிறியவை, முடிவுகள் கலவையானவை. நல்ல கையைக் கட்டுப்படுத்தி மற்றதைப் பழக்குவதற்கும், இரு கைகளும் தேவைப்படும் வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கும்தான் வலுவான சான்றுகள் இருக்கின்றன. அதனால் கண்ணாடியை எடுத்துவைத்ததும் என் தங்கை ஒரு கிண்ணம் லிச்சிப் பழத்தைக் கொண்டுவருகிறாள். வலக்கை பழத்தைப் பிடிக்க வேண்டும், இடக்கை தோலை உரிக்க வேண்டும். பழம் நழுவித் தரையில் ஓடுகிறது. அவள் குனிந்து எடுத்து, மடங்கிய கட்டைவிரலை இடக்கையால் மெல்ல நிமிர்த்தி, பழத்தை மறுபடியும் அங்கே வைக்கிறாள்.