யூட்ரோஃபிகேஷன்: மிகையூட்டமா, நற்போசணையாக்கமா?

ஏரித் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கரைத்தது போலாகி, ஒருநாள் விடியற்காலையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பது யூட்ரோஃபிகேஷன், அதாவது நீரில் சத்துகள் அளவுக்கு மீறிச் சேர்வது. பெயரைப் பார்த்தால் அப்படித் தெரியாது. கிரேக்கத்தில் 'யூ' என்றால் நல்ல, 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம்.

1907இல் ஜெர்மன் தாவரவியலாளர் வேபர், வட ஜெர்மனியின் சதுப்பு நிலங்களில் சத்து நிறைந்தவற்றைக் குறிக்க இந்த வேரிலிருந்து ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். 1919இல் ஸ்வீடனின் ஏரி ஆய்வாளர் நவ்மான் அதை ஏரிகளுக்குக் கொண்டுவந்தார். அப்போது அது ஏரியின் தன்மையைச் சொன்ன சொல், அவ்வளவுதான். சாக்கடையும் வயல் உரமும் சலவைத்தூளும் ஏரிகளில் சேரச்சேரத்தான் அது நோயின் பெயராக மாறியது.

முக்கியக் குற்றவாளி பாஸ்பரஸ். மிதக்கும் பாசிகளின் உடலில் சராசரியாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன் அணுக்கள் இருக்கும், அதனால் கொஞ்சம் பாஸ்பரஸ் கூடினாலே பாசி மளமளவெனப் பெருகிவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரியை 1973இல் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையானது.

இவ்வளவு பாசியையும் நுண்விலங்குகளால் தின்று தீர்க்க முடியாது. மீனுக்குப் போய்ச் சேர வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி செத்த பாசியோடு அடியில் படிந்து பாக்டீரியாக்களுக்குப் போகிறது, அவை அதை மட்கச் செய்யும்போது நீரிலுள்ள ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது, பாசியும் சேர்ந்து சுவாசிக்கும். மீன்கள் விடியற்காலையில் சாவது அதனால்தான்.

சரி, தமிழில்? இலங்கைப் பாடநூல்களில் 'நற்போசணையாக்கம்'. கிரேக்கத்தை அப்படியே பிடித்த சொல், ஆனால் முதன்முறை கேட்பவருக்கு ஏரிக்கு ஏதோ நல்லது நடந்ததாகவே படும். தமிழ்நாட்டில் 'மிகையூட்டம்' என்ற வழக்கு உண்டு. என் தேர்வு இதுதான். 'உண்' என்பதன் பிறவினை 'ஊட்டு', அதாவது இன்னொருவர் உண்ணக் கொடுப்பது. ஏரி தானாக உண்ணவில்லை, நாம் அளவுக்கு மீறி ஊட்டினோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. சத்துக் குறைந்த தெளிந்த ஏரியைக் 'குறையூட்ட ஏரி' என்று சொல்லவும் இது இடம் தருகிறது. செயலைச் சொல்ல 'மிகையூட்டமடைதல்' என எழுதலாம்.